செருமுகிற மாட்டின் மூக்கிலிருந்து லேப் பிளேட் வரை

மாட்டுக்கு நிமோனியா (நுரையீரல் அழற்சி) என்று, மூக்கில் விட்டு எடுத்த பஞ்சுக்குச்சி ஒன்று, அதாவது ஸ்வாப், வருகிறது. மறுநாள் காலையில், கிருமி வளர்க்கும் பிளேட்டில் பாஸ்சுரெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்து நிற்கிறது. லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அந்த நிமிஷமே ரிப்போர்ட் எழுத உட்கார்ந்துவிடுவார்கள். நான் பேனாவை வாங்கி வைத்துவிட்டுக் கேட்பேன்: "நல்லா மேஞ்சுக்கிட்டிருக்கிற மாட்டு மூக்குலயும் இது குடியிருக்கும். நோய்க்கு இதுதான் காரணமா, சும்மா அங்க இருந்ததான்னு எதை வெச்சுச் சொல்லுவே?" பிளேட்டை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஸ்வாப் எங்கே தொட்டது, எப்போது எடுத்தது, எத்தனை மாட்டில் எடுத்தது, என்ன ஊசி போட்ட பிறகு எடுத்தது என்று எல்லாம் தெரிந்தால்தான் அந்த வளர்ச்சிக்கு அர்த்தம் உண்டு.

நான் கால்நடை நுண்ணுயிரியல் படித்தவள். காங்கயம் பக்கத்துப் பண்ணையக் குடும்பம். கொங்குப் பகுதியில் ஒரு நோயறி ஆய்வகத்தில் வேலை. ஸ்வாப் எடுத்து அனுப்பும் ஃபீல்டு டாக்டர்களுக்கும் பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். மாடு வைத்திருப்பவர்கள் மாதிரி எடுக்கும் பகுதியை மட்டும் படித்தாலே போதும். டாக்டர் வந்து நிற்கும்போது என்ன கேட்கலாம் என்று தெரியும்.

தேடுவது யாரை

மாட்டு நுரையீரல் அழற்சியில் அடிக்கடி சிக்கும் பாக்டீரியாக்கள்: மேன்ஹைமியா ஹீமோலிட்டிகா, பாஸ்சுரெல்லா மல்டோசிடா, ஹிஸ்டோபிலஸ் சோம்னி, மைக்கோபிளாஸ்மா போவிஸ். நாள்பட்டுச் சீழ்க்கட்டியாகிப் போன நுரையீரலில் ட்ரூபெரெல்லா பயோஜீன்ஸ் வந்து சேர்ந்துகொள்ளும். பழைய புத்தகங்களில் மேன்ஹைமியாவைப் பாஸ்சுரெல்லா ஹீமோலிட்டிகா என்றே பார்ப்பீர்கள், 1999-இல்தான் பிரித்தார்கள். ஹிஸ்டோபிலஸுக்குப் பழைய பெயர் ஹீமோபிலஸ் சோம்னஸ்.

முதல் மூன்றும் மாட்டின் மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவே சாதுவாகக் குடியிருப்பவை. மேன்ஹைமியாவில் ஏ2 வகை நல்ல மாட்டின் மூக்கில் சாதாரணமாகக் கிடைக்கும். நிமோனியா வந்த நுரையீரலில் அதிகம் பார்ப்பது ஏ1, ஏ6. ஐபிஆர் (மாட்டின் மூக்கையும் மூச்சுக்குழாயையும் தாக்கும் நோய்) தருவது மாதிரி ஒரு வைரஸ் மூச்சுக்குழாயின் உள்தோலைக் கெடுத்தாலோ, அலைச்சலில் மாட்டின் எதிர்ப்புச் சக்தி இறங்கினாலோ இவை பெருகி நுரையீரலுக்கு இறங்கும். ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் நாலு பேரிடம் வாங்கிய கன்றுகளை ஒரே மினி வேனில் நெருக்கி ஏற்றி, தண்ணீர் காட்டாமல் கொண்டுவந்து, பழைய மாடுகள் பக்கத்திலேயே கட்டிவிட்டால் ஒரு வாரம் பத்து நாளில் செருமல் ஆரம்பிக்கும். கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், வெள்வேல் நிழலில் மேயும் காங்கயம் மாடு இந்தச் சீக்கோடு எங்கள் பெஞ்சுக்கு வருவது அபூர்வம். தகரக் கூரைக்குக் கீழே, மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும் கட்டுத்தரையில் நெருக்கிக் கட்டிய கலப்பினக் கன்றுகள்தான் அதிகம் வருகின்றன. அமோனியாவே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

இவை தவிர இரண்டு பேரை எப்போதும் மனதில் வைத்திருக்க வேண்டும். ஒன்று தொண்டை அடைப்பான். இதுவும் பாஸ்சுரெல்லா மல்டோசிடாதான், ஆனால் ஆசியாவில் பி:2 என்ற தனி வகை. மழைக்காலத்தில் எருமையையும் மாட்டையும் ஒரே நாளில் சாய்த்துவிடும். இன்னொன்று காசநோய். மெலிந்துகொண்டே போய், மாதக்கணக்கில் செருமும் மாட்டின் சளியைச் சாதாரண பெஞ்சில் திறக்காதீர்கள். அதற்கு ட்யூபர்குலின் தோல் பரிசோதனை இருக்கிறது, ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்துப் பார்ப்பது. அறுத்துப் பார்க்கும்போது நுரையீரலில் தயிர்க்கட்டி மாதிரி முடிச்சுகள் தென்பட்டாலும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முகக்கவசத்தைச் சரிபாருங்கள். அந்தத் துண்டு பாதுகாப்பு அலமாரி உள்ள ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.

எந்த மாட்டில் எடுப்பது

"ரொம்ப மோசமா கெடக்குதுங்க அம்மிணி, ஊசி போட்டும் கேக்கலீங்க, அதான் ஸ்வாப் எடுக்கச் சொன்னேன்" என்று வயதானவர்கள் சொல்லும்போது மறுத்துப் பேச மனசு வராது. ஆனால் அந்த மாடு ஆய்வுக்கு லாயக்கில்லாத மாடு. மூன்று வகை ஊசி போட்டாயிற்று, பத்து நாளாயிற்று. முதலில் நோயைத் தொடங்கிய கிருமி மருந்தில் ஒழிந்திருக்கும், இப்போது கிடைப்பது பின்னால் வந்து சேர்ந்த கூட்டம். அதே கட்டுத்தரையில் நேற்றோ இன்றோ தீவனத்தை விட்ட கன்று ஒன்று நிற்கும். காய்ச்சல் 104 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கும், மூக்கில் தண்ணீர் போலத் தெளிந்த சளி, இன்னும் ஒரு ஊசியும் போட்டிருக்க மாட்டார்கள். அதைப் பிடியுங்கள். கெட்டியான மஞ்சள் சளி ஒழுகும் மாட்டைவிட அதுதான் நல்ல சாட்சி.

ஒரு கன்று போதாது. இப்படிப் புதிதாக விழுந்த, மருந்து போடாத ஐந்தாறு உருப்படிகளில் எடுங்கள். கூடவே நன்றாக இருக்கும் இரண்டு கன்றுகளிலும் எடுத்தால் உங்களைக் கும்பிடுவேன். நோயுற்ற கன்றுகளில் பெரும்பாலும் ஒரே கிருமி குவியலாக வந்து, நல்ல கன்றுகளில் அது இல்லாமலோ ரெண்டொரு காலனியாகவோ (பிளேட்டில் கிருமி கூடி வளர்ந்த புள்ளி) இருந்தால், அப்போது பேசலாம்.

ஸ்வாப் எடுக்கும் முறை

மூக்கு நுனியில் பஞ்சைச் சுழற்றி எடுப்பதற்குப் பெயர் ஸ்வாப் இல்லை. அதில் சாணம், வைக்கோல் தூசு, நக்கியதால் வந்த வாய்க்கிருமி எல்லாம் இருக்கும். தேவைப்படுவது ஆழ்மூக்கு ஸ்வாப்: நாசித்துவாரத்திலிருந்து கண்ணின் உள்மூலை வரை உள்ள தூரத்துக்கு உள்ளே போக வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரணக் குச்சி இளங்கன்றுக்கு எட்டும். கிடாரிக்கும் பசுவுக்கும் உறை போட்ட நீளமான ஸ்வாப் வேண்டும்.

கன்றின் தலையை ஒருவர் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கயிற்றைக் கட்டுமுளையில் சுற்றினால் மட்டும் போதாது, கீழ்த்தாடையை உடம்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். நாசியைச் சுத்தமான துணியால் அல்லது டிஷ்யூவால் துடையுங்கள். ஸ்பிரிட் தொட்டால் காயும்வரை நில்லுங்கள்; ஈரத்தோடு ஸ்வாப் போனால் கிருமி அங்கேயே செத்துவிடும். குச்சியை உறையோடு, நாசியின் உள்பக்கச் சுவரை ஒட்டி, அடிப்பக்கமாக நேரே செலுத்துங்கள். மேல்நோக்கிக் குத்தினால் எலும்பில் இடிக்கும், ரத்தம் வரும், கன்றும் இனி உங்களை நெருங்க விடாது. அளந்த தூரம் போனதும் உறைக்குள்ளிருந்து பஞ்சை வெளியே தள்ளி, சுவரில் அழுத்திச் சில நொடிகள் சுழற்றி, மறுபடி உறைக்குள் இழுத்துக்கொண்டு வெளியே எடுங்கள். வெளியே வரும்போது பஞ்சு நாசி ஓரத்தில் உரசக் கூடாது, உறை இருப்பதே அதற்காகத்தான்.

எடுத்த உடனே, கிருமியை வழியில் உயிரோடு வைத்திருக்கும் ஏமீஸ் அல்லது ஸ்டூவர்ட் ஊடகக் குழாயில் சொருகி மூடுங்கள். வெறும் குழாயில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு நாலு பண்ணை சுற்றிவிட்டு வந்தால் ஹிஸ்டோபிலஸ் கண்டிப்பாகச் செத்திருக்கும், பாஸ்சுரெல்லாவும் சந்தேகம்தான். மைக்கோபிளாஸ்மாவும் தேட வேண்டுமானால் மரக்குச்சியும் சாதாரணப் பருத்திப் பஞ்சும் வேண்டாம். டாக்ரான் என்ற செயற்கை இழைப் பஞ்சு வைத்த பிளாஸ்டிக் குச்சியில் தனியாக ஒன்று எடுங்கள்.

மூக்கை விட நுரையீரலுக்குக் கிட்டப் போக ஆசைப்படும் டாக்டர்களுக்கு இரண்டு வழி. கழுத்து நடுவில் மயிரைச் சிரைத்து, அறுவைக்குச் செய்வதுபோலச் சுத்தம் செய்து, மரத்துப்போகும் ஊசி போட்டு, மூச்சுக்குழல் வளையங்களுக்கு இடையே ஊசி இறக்கி, அதன் வழியாக மெல்லிய குழாயை விட்டுக் கொஞ்சம் ஸ்டெரைல் சலைனைச் செலுத்தி உடனே உறிஞ்சி எடுப்பது ஒன்று. மூக்கு வழியாகவே நீளக்குழாயைக் கிளைமூச்சுக்குழாய் வரை இறக்கிக் கழுவி எடுப்பது இன்னொன்று. மூக்குக் குடியிருப்பாளர்கள் பெருமளவு விலகிவிடுவதால் இந்தக் கழுவுநீரில் வளர்வதற்கு மதிப்பு அதிகம். ஆனால் மூச்சுத் திணறி வாயைத் திறந்துகொண்டு நிற்கும் மாட்டில் இதைச் செய்யாதீர்கள், ஆய்வை விட மாடு முக்கியம். சாதாரணக் கட்டுத்தரையில் ஆழ்மூக்கு ஸ்வாப்பை ஒழுங்காக எடுத்தாலே எனக்குப் போதும்.

மாடு செத்துப் போயிருந்தால்

முதலில் அறுக்கலாமா என்று தீர்மானியுங்கள். நேற்று வரை நன்றாக இருந்த மாடு திடீரென்று செத்து, உடல் விறைக்காமல், வயிறு உப்பி, மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத கறுப்பு ரத்தம் கசிந்தால் அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்; மேலே சொன்ன தொண்டை அடைப்பான் வேறு) இருக்கலாம். கத்தியை எடுக்காதீர்கள், தோலை உரிக்கவும் விடாதீர்கள். காது நரம்பில் ஊசி குத்தி ஒரு துளி ரத்தத்தில் ஸ்மியர் இழுத்தால், அதாவது கண்ணாடிச் சில்லில் மெல்லிசாகத் தேய்த்தால் போதும். பாலிகுரோம் மெத்திலீன் புளூவில் சாயமேற்றினால் சதுரமுனை நீலக் குச்சிகளைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரியும். தெரிந்தால் நேராகக் கால்நடைத் துறைக்குப் போன், ஆழக் குழி, சுண்ணாம்பு. காற்றுப் பட்டால் இந்தக் கிருமி ஸ்போர் (எளிதில் சாகாத வித்து) கட்டும், அந்தத் தோட்டத்து மண்ணில் பல வருஷம் கிடக்கும்.

அடைப்பான் இல்லை என்று தெரிந்த பிறகு, செத்துச் சில மணி நேரத்துக்குள் அறுத்தால்தான் பயன். நம் வெயிலில் மத்தியானம் செத்த மாட்டைச் சாயங்காலம் அறுத்தால் குடல் கிருமிதான் வளரும். நிமோனியா மாட்டில் நுரையீரலின் முன்கீழ் மடல்கள் கருஞ்சிவப்பாக, ஈரல் போலக் கெட்டித்திருக்கும். நடுவில் செத்து வெளுத்த இடத்தை வெட்டாதீர்கள். கெட்டியான பகுதியும் இன்னும் காற்றோட்டம் உள்ள பகுதியும் சேரும் எல்லையில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் கட்டியாக எடுங்கள், நோயை நடத்தும் கிருமி உயிரோடு இருப்பது அந்த ஓரத்தில்தான். ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பை. நுரையீரலையும் குடலையும் ஒரே பையில் போட்டால் இரண்டும் வீண்.

அதே எல்லையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காத இன்னொரு துண்டு 10 சதவீத ஃபார்மலினில், திசுவைப் போலப் பத்து மடங்கு திரவத்தில். இது நுண்ணோக்கித் திசு ஆய்வுக்கு மட்டும். ஃபார்மலினில் முங்கிய துண்டை "கல்ச்சருக்கு" என்று எழுதி அனுப்புவது இன்னமும் நின்றபாடில்லை. கிருமியைக் கொன்றுவிட்டு அதை வளர்த்துத் தரச் சொன்னால் நான் என்ன செய்ய?

தொண்டை வீங்கிச் செத்த மாட்டுக்கு, அதாவது தொண்டை அடைப்பான் சந்தேகத்துக்கு, சிறந்த மாதிரி ஒரு நீள எலும்பு. கால் எலும்பைச் சதை நீக்கி, உடைக்காமல் அப்படியே சுற்றி அனுப்புங்கள். மற்ற உறுப்பெல்லாம் அழுகிய பிறகும் மஜ்ஜை கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். கூடவே இதய ரத்தத்தில் ஒரு ஸ்மியர். உயிரோடு இருக்கும்போது எடுத்த ரத்தத்தில் கிருமி இல்லை என்றால் நோய் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், சாகும் தறுவாயில்தான் அது ரத்தத்தில் பெருகும்.

பெட்டியும் படிவமும்

கல்ச்சருக்கான எதையும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். ஐஸ் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டி, 4 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு. ஸ்வாப் நேரடியாக ஐஸைத் தொடாமல் நடுவே ஒரு துணியோ செய்தித்தாளோ. 24 மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு திங்கட்கிழமை போன் பண்ணுவதால் யாருக்கும் பிரயோஜனமில்லை. எந்த லேப் கிட்ட இருக்கிறதோ அங்கே முதலில் போன் பண்ணிவிடுங்கள். 1985-இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கமானவர்கள் அங்கே, மற்றவர்கள் மாவட்ட நோய்ப் புலனாய்வுப் பிரிவில். ஊடகம் ஊற்றி வைக்க எங்களுக்கும் அவகாசம் வேண்டும்.

படிவத்தில் "இருமல், காய்ச்சல்" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தாதீர்கள். வயது, இனம், எப்போது எங்கிருந்து வாங்கியது, கட்டுத்தரையில் மொத்தம் எத்தனை, எத்தனை விழுந்தது, எத்தனை செத்தது, எத்தனையாம் நாள், காய்ச்சல் எவ்வளவு, தடுப்பூசி என்ன. எல்லாவற்றுக்கும் மேலே: என்ன ஆன்டிபயாடிக், எத்தனை மில்லி, கடைசியாக எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு. இதைச் சொன்னால் டாக்டரைத் திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பவர்களும் இருக்கிறார்கள். மறைத்தால் எங்கள் வெறும் பிளேட்டுக்கு விளக்கம் கிடைக்காது, அவ்வளவுதான் நடக்கும்.

பெஞ்சில்

ஸ்வாப் வந்ததும் நாலு இடத்தில் போடுகிறோம்: 5 சதவீத ஆட்டு ரத்த அகார் (அகார் என்பது கிருமி வளரும் கூழ்), சூடாக்கிய ரத்தம் சேர்த்த சாக்லேட் அகார், சில வகைக் கிருமிகளை மட்டும் வளரவிடும் மக்கான்கி அகார், ஒரு கண்ணாடிச் சில்லு. கிருமியின் நிறத்தையும் உருவத்தையும் காட்டும் கிராம் சாயத்துக்கு அந்தச் சில்லு. நுரையீரல் துண்டு என்றால் மேற்பரப்பைப் பழுக்கக் காய்ச்சிய ஸ்பாட்டுலாவால் ஒரு தீய்ப்பு தீய்த்து, அதற்குள் வெட்டி, உள்சதையிலிருந்து எடுக்க வேண்டும்.

ரத்த அகாருக்கு ஆட்டு ரத்தம்தான். ரத்த வங்கியில் காலாவதியான மனித ரத்தம் சும்மா கிடைக்கிறதே என்று ஊற்றும் லேப்களைப் பார்த்திருக்கிறேன். அதில் என்ன மருந்து, என்ன எதிர்ப்பொருள் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? ரத்தச் சிதைவும் நம்பும்படி தெரியாது. நம் ஊரில் மேச்சேரி ஆட்டுக்கா பஞ்சம்? மருந்து எதுவும் போடாத, ஆரோக்கியமான ஒரு கிடாவைக் கண்டுபிடித்து, கழுத்து நரம்பில் எடுத்து, கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் குலுக்கி உறையாமல் செய்துகொள்ளுங்கள்.

37 டிகிரியில் வையுங்கள். ரத்த, சாக்லேட் பிளேட்டுகள் 5 முதல் 10 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு உள்ள இன்குபேட்டரில். அது இல்லாத இடத்தில் மெழுகுவர்த்தி ஜாடி. சுமார் 3 சதவீதம்தான் தரும் என்றாலும் ஒன்றுமில்லாததற்கு மேல். 24 மணியில் ஒரு தரம், 48-இல் ஒரு தரம், ஹிஸ்டோபிலஸுக்காக 72-இல் ஒரு தரம் பார்க்க வேண்டும். மறுநாள் ஒன்றும் இல்லை என்று குப்பையில் போட்டுவிட்டால் அதை எந்தக் காலத்திலும் பார்க்க மாட்டீர்கள்.

இனி ஜன்னல் பக்கம் போய், பிளேட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். மேன்ஹைமியா சாம்பல் நிறச் சிறு காலனி. சுற்றிலும் ரத்தம் கரைந்த வளையம் இருக்கிறதா என்று பார்த்தால் பல சமயம் தெரியாது, "ஹீமோலிசிஸ் இல்லைங்க மேடம்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். லூப்பால் (முனையில் வளையம் உள்ள கம்பி) அந்தக் காலனியை மெல்ல ஒதுக்குங்கள். அது உட்கார்ந்திருந்த இடத்திலேயே, சரியாக அதன் அளவுக்கு, ரத்தம் தெளிந்து கீழே விரலைப் பிடித்தால் தெரியும். இந்த ஒரு அசைவைப் பழகிக்கொண்டால் பாதி மேன்ஹைமியாவைத் தவறவிட மாட்டீர்கள். அதே கிருமி மக்கான்கியிலும் குண்டூசித் தலையை விடச் சின்னதாக, இளஞ்சிவப்பாக வளரும்.

பாஸ்சுரெல்லா மல்டோசிடா மக்கான்கியில் வளராது, ரத்தத்தைக் கரைக்காது. பெரிய, பளபளப்பான, சில சமயம் சளிபோல வழியும் சாம்பல் காலனி. மூடியைத் திறக்கும்போதே ஒரு தித்திப்பான புழுங்கல் வாடை வந்துவிடும். வாடைக்காக மூக்கைப் பிளேட்டுக்குள் நுழைக்க வேண்டாம், அது தானாகவே வரும். இண்டோல் என்ற வேதிச் சோதனை பார்த்தால் பாஸ்சுரெல்லா பாசிடிவ், மேன்ஹைமியா நெகடிவ். ஆக்சிடேஸ் சோதனை இரண்டுக்கும் பாசிடிவ். கிராம் சாயத்தில் இரண்டும் சிவந்த குட்டைக் குச்சிகள், ஒன்றுக்கொன்று பிரிக்க முடியாது. திசு ஸ்மியரை லீஷ்மேனில் சாயமேற்றினால் பாஸ்சுரெல்லாவின் இரு முனையும் அழுத்தமாகவும் நடு வெளுத்தும் தெரியும்.

ஹிஸ்டோபிலஸ் காலனி கண்ணுக்கே அகப்படாத அளவு பொடி. லூப்பால் நாலைந்து காலனியைச் சேர்த்து வழித்து நுனியைப் பாருங்கள். பிளேட்டில் சாம்பலாகத் தெரிந்தது லூப்பில் எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் சந்தேகத்தை மேலே கொண்டுபோகலாம். பிளேட் முழுக்க அலை அலையாகப் பரவி எல்லாவற்றையும் மூடியிருப்பது புரோட்டியஸ். அப்படியென்றால் மாதிரி எடுத்தவரிடம் பேச வேண்டியிருக்கும்.

மைக்கோபிளாஸ்மா தனி ஜாதி. செல்சுவரே கிடையாது, ஆகவே கிராம் சாயத்தில் காட்டாது. பென்சிலின், அமாக்சிசிலின், செஃப்டியோஃபர் எதுவும் அதைத் தொடாது. கன்றுக்குச் செருமலோடு மூட்டு வீக்கமும், காது தொங்கலும் இருந்து, இந்த ஊசிகள் எதுவும் கேட்கவில்லை என்றால் அதைத் தேடச் சொல்லி எழுதுங்கள். சீரம் சேர்த்த தனி ஊடகம், கார்பன் டை ஆக்சைடு, ஒரு வாரம் பத்து நாள் பொறுமை. அடியிலிருந்து வரும் வெளிச்சத்தில் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஆஃபாயில் போட்டதுபோல நடு தடித்த காலனி. அப்படித் தெரிந்த உடனே போவிஸ் என்று எழுதாதீர்கள்: தூசிலும் எச்சிலிலும் வரும் அக்கோலிபிளாஸ்மாவும் இதே உருவம்தான். டிஜிடோனின் என்ற வேதிப்பொருள் ஏற்றிய தட்டு வைத்தால் மைக்கோபிளாஸ்மா அடங்கும், அக்கோலிபிளாஸ்மா கண்டுகொள்ளாது.

பிசிஆர்

மைக்கோபிளாஸ்மாவுக்கும், ஊசி போட்ட பிறகு வந்த மாதிரிக்கும் பிசிஆர், அதாவது கிருமியின் டிஎன்ஏவைப் பெருக்கித் தேடுவதுதான் நல்ல வழி, உயிரற்ற கிருமியின் டிஎன்ஏவும் அதற்குப் போதும். பாஸ்சுரெல்லா மல்டோசிடாவுக்கு கேஎம்டி1 பிரைமர்கள் (தேடும் டிஎன்ஏவில் போய் ஒட்டும் சிறு துண்டுகள்), 460 அடி ஜோடியில் பட்டை வரும். தொண்டை அடைப்பான் வகைக்குத் தனிப் பிரைமர் உண்டு. மைக்கோபிளாஸ்மா போவிஸுக்கு யுவிஆர்சி ஜீன். நாலு ஐந்து கிருமியை ஒரே குழாயில் தேடும் ரியல்டைம் கிட்டுகளும் கிடைக்கின்றன.

ஆனால் மூக்கு ஸ்வாப்பில் மூன்று கிருமிக்கும் பாசிடிவ் என்று ஒரு தாள் வந்தால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. குடியிருப்பவன், வந்தவன் இருவரையும் அது ஒரே மாதிரி எண்ணும். சிடி மதிப்பு குறைவாக, அதாவது டிஎன்ஏ நிறைய இருந்து, பல கன்றுகளிலும் அதே இருந்தால் மட்டும் காதைக் கொடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் மற்றவற்றோடு சேர்த்து டிஎன்ஏ பிரிப்பு முழுக்கச் செய்த, மாட்டு மாதிரி எதுவும் போடாத வெற்றுக் குழாய் ஒன்றும் வைத்தே ஆக வேண்டும். வெற்றுக் குழாயில் பட்டை வந்தால் அன்றைய மொத்த ஓட்டத்தையும் தூக்கிப் போடுங்கள், மனசு இரங்காதீர்கள்.

எந்த மருந்து கேட்கும்

விவசாயிக்கு வேண்டியது இதுதான், எனவே இதில் சோம்பக் கூடாது. தூய வளர்ப்பிலிருந்து மட்டும் செய்யுங்கள். ஸ்வாப்பை நேராகத் தேய்த்து அதன் மேல் டிஸ்க் (மருந்தில் நனைத்த சிறு காகித வட்டு) வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதில் டிஸ்க்கைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் எந்தக் கிருமியுடையது என்றே தெரியாது. காலனியைச் சலைனில், மெக்ஃபார்லண்ட் அளவுகோலில் 0.5 கலங்கலுக்குக் கரையுங்கள். முல்லர்-ஹின்டன் அகாரில், பாஸ்சுரெல்லா போலச் சாதாவில் சரியாக வளராதவற்றுக்கு 5 சதவீத ஆட்டு ரத்தம் சேர்த்து, மூன்று திசையில் தேய்த்து, கால் மணி நேரத்துக்குள் டிஸ்க் வையுங்கள். கூடவே சாதா முல்லர்-ஹின்டனில், ஒப்பிட்டுப் பார்க்க ஏடிசிசி 25922 என்ற தர ஈ.கோலை. அதன் வளையம் சொன்ன அளவுக்குள் வராவிட்டால் உங்கள் டிஸ்க் கெட்டிருக்கலாம், அகார் தடித்திருக்கலாம். மாட்டுக் கிருமியின் வளையத்தைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை.

வளையத்தை எந்த அட்டவணையோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதுதான் அடுத்த சிக்கல். மனித ஆஸ்பத்திரி அட்டவணை வேறு உடம்புக்கு, வேறு டோஸுக்குப் போட்டது. மாட்டு நிமோனியாவுக்கென்று சிஎல்எஸ்ஐ என்ற அமெரிக்கத் தர அமைப்பு தனி அட்டவணை தருகிறது. செஃப்டியோஃபர், ஃப்ளோர்ஃபெனிகால், என்ரோஃப்ளாக்சசின், டெட்ராசைக்ளின், டுலாத்ரோமைசின் போன்றவற்றுக்கு அதில் அளவு உண்டு. அளவு இல்லாத மருந்துக்கு வளையத்தின் மில்லிமீட்டரை மட்டும் எழுதுங்கள், "கேட்கும்" என்று எழுதாதீர்கள். மைக்கோபிளாஸ்மாவுக்கு டிஸ்க் முறையே கிடையாது. கறவை மாடு என்றால் பால் ஊற்றாமல் நிறுத்த வேண்டிய நாட்களைப் படிவத்தின் கீழே டாக்டர் எழுத இடம் விட்டு வையுங்கள். சொசைட்டிக்குக் காலையில் கேன் போவதை யாரும் தானாக நிறுத்த மாட்டார்கள்.

ரிப்போர்ட்டில் எழுதுவது

கிருமி பெயரை மட்டும் எழுதி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. மாதிரி எங்கே எடுத்தது, மருந்துக்கு முன்னா பின்னா, வளர்ச்சி எவ்வளவு, தூயதா கலவையா, எத்தனை உருப்படியில் எத்தனை. இதெல்லாம் ஒரு வரியில் வர வேண்டும். உதாரணத்துக்கு (1+ என்றால் வளர்ச்சி குறைவு, 3+ என்றால் நிறைய): "ஆழ்மூக்கு ஸ்வாப், மருந்துக்கு முன். ஆறு கன்றில் நாலில் மேன்ஹைமியா ஹீமோலிட்டிகா, ஏறக்குறையத் தூய வளர்ச்சி, 3+. நல்ல கன்று இரண்டிலும் இல்லை." இதைப் படிக்கும் டாக்டருக்கு என்ன செய்வதென்று தெரியும். அதற்கு எதிர்ப்பக்கம்: "ஒரு மாடு, பத்தாம் நாள், மூன்று மருந்துக்குப் பின். பாஸ்சுரெல்லா மல்டோசிடா 1+, கலவை வளர்ச்சி. நோய்க்குக் காரணம் என்று சொல்லப் போதாது. புதிதாக விழுந்த கன்றுகளில் மறு மாதிரி தேவை." இரண்டாவதை எழுதக் கூச்சப்படாதீர்கள். "லேப்புல ஒண்ணும் கண்டுபுடிக்கலீங்களா?" என்று கேட்பார்கள், கேட்கட்டும். நுரையீரல் துண்டில் ஒன்றும் வளரவில்லை என்றாலும் அப்படியே எழுதி, வைரஸ் பரிசோதனைக்கும் திசு ஆய்வுக்கும் பரிந்துரையுங்கள்.

தொண்டை அடைப்பானோ அடைப்பானோ உறுதியானால் தாள் போகும்வரை காத்திருக்காமல் அந்த நிமிஷமே போனில் சொல்லுங்கள். சுற்றியுள்ள தோட்டங்களில் தடுப்பூசி போட வேண்டும், அது ராணிப்பேட்டைத் தடுப்பூசி நிலையத்திலிருந்து வர வேண்டியிருக்கும்.

கடைசியில் ஐசொலேட்டை, அதாவது பிரித்தெடுத்த தூய கிருமியைக் காப்பாற்றுங்கள். இந்த வகைக் கிருமிகள் பிளேட்டில் ஒரு வாரம் உயிரோடு இருந்தாலே அதிசயம், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அப்படித்தான். 20 சதவீத கிளிசரால் கலந்த பிரெயின் ஹார்ட் குழம்பில் இரண்டு குழாய், மைனஸ் 80 டிகிரியில், மாடு, ஊர், தேதி, வரிசை எண் அழியாத மையில். அடுத்த மழைக்காலத்தில் அதே பண்ணையில் கன்று விழுந்து, அதே மருந்து கேட்கவில்லை என்றால், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டிஸ்க் பார்க்கலாம். மீந்த பிளேட்டுகள் 121 டிகிரியில் அரை மணி நேரம் ஆட்டோகிளேவுக்குப் போன பிறகே குப்பைக்குப் போகட்டும்.